தெருக்குத்து வீடுதான் வேணும்!

போன ஞாயிற்றுக்கிழமை காலையில ஒரு தம்பதி என்னைத் தேடி வந்தாங்க. நம்ம ஊர்ப் பக்கம்தான்... சாக்கோட்டை. அவர் யூனியன் ஆபீஸ்ல வேலை பார்த்தவர், இப்போ மெட்ராஸுக்கு மாற்றல். கூட வந்த பெண்ணுக்குக் கல்யாணமாகி ரெண்டு மூணு வருஷம் இருக்கும். இடுப்புல ஒரு குழந்தை.

உட்கார்ந்ததும் உட்காராததுமா அவர் கேட்டார்:

"ஆச்சி, நீங்க பத்து வருஷமா இங்குட்டு இருக்கீக. மெட்ராஸைச் சுத்தி எது நல்ல ஏரியா? சொல்லுங்க, அங்கயே வீடு பாத்துர்றோம்."

இந்தக் கேள்வியை என்கிட்ட கேட்காதவங்க கிடையாது. பத்திரிகையில வாராவாரம் எழுதுறவளுக்கு எல்லாம் தெரியும்னு ஒரு நம்பிக்கை! ரேஷன் கார்டு எங்கே வாங்குறதுங்கிறதுல இருந்து, ரெண்டாவது பிள்ளை எப்பப் பெத்துக்கலாம்ங்கிறது வரைக்கும் கேட்கிறாங்க. நானும் கூசாம பதில் சொல்றேன்.

ஆனா இதுக்கு மட்டும் சட்டுனு பதில் சொல்ல மாட்டேன். திருப்பி ஒரு கேள்வி கேட்பேன்.

"உங்க வீட்டுல யாரு யாரு இருக்கீக?"

அவர் முழிச்சார். "நல்ல ஏரியாவுக்கும் அதுக்கும் என்ன ஆச்சி சம்பந்தம்? தண்ணி, பஸ், மார்க்கெட், கோயில்... இதைத்தானே பாக்கணும்?"

சம்பந்தம் இருக்கு. ஆனா அதைச் சொல்லணும்னா கண்டனூர்ல இருந்து ஆரம்பிக்கணும். முதல்ல காபி போடலாம்னு டப்பாவைத் திறந்தா... பொடி இல்லை. என் பொண்ணு வள்ளியைக் கடைக்கு அனுப்பிட்டு, ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துல அவ வர நேரமாகும்னு வந்து உட்கார்ந்தேன். அவங்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். காபி மட்டும்தான் தர முடியாது.

செட்டிநாட்டுப் பக்கம் கண்டனூர்ல என் மாமனார் வீடு, ஒரு தெருவுல முன்வாசல், அடுத்த தெருவுல பின்வாசல்னு நீண்டு கிடக்கும். நடுவுல முகப்பு, முற்றத்தோட வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி. எல்லா நிலைவாசலும் ஒரே நேரா இருக்கும். முன்வாசல்ல நின்னு பார்த்தா, பின்வாசலுக்கு வெளியே மேயுற கோழி தெரியும். கல்யாணம் காட்சின்னா கூட்டம் நெரியும். மத்த நாள்ல நாலே பேர். அந்த வீட்டுல யாரும் யாரையும் தேடிப் போறது கிடையாது. நின்ன இடத்துல நின்னு ஒரு கூப்பாடு, கூடவே ஒரு கையசைப்பு. அவ்வளவுதான்.

வள்ளியையும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவளும் ஓடி வருவா.

மூணு வயசாகியும் அவ பேசலை. "சில பிள்ளைக மெதுவாத்தான் பேசும்"னு எல்லாரும் சொன்னாங்க. "கூப்பிட்டா வாராளே, அப்புறம் என்ன?"ன்னாங்க. நானும் நம்பினேன்.

அப்புறம் ஒரு கல்யாணம். சமையல்காரர் ஒருத்தர் கைதவறி ஒரு பெரிய பித்தளை அண்டாவைக் கல்தரையில போட்டுட்டார். கல்யாண வீடே தூக்கிவாரிப் போட்டு எழுந்துச்சு. தூளியில தூங்கின கைக்குழந்தை வீல்னு அலறிச்சு. அண்டா விழுந்த இடத்துக்குப் பக்கத்துலயே முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்த வள்ளி, சோழி வச்சு விளையாடிக்கிட்டே இருந்தா. திரும்பக்கூட இல்லை.

நான் அவ முதுகையே பார்த்துக்கிட்டு நின்னேன். இத்தனை நாளா அவளைக் கூப்பிட்டது எங்க குரல் இல்லை... எங்க கை!

மதுரைக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். டாக்டர் பரிசோதனை எல்லாம் செஞ்சுட்டு, காதுக்கு வைத்தியம் இல்லைன்னுட்டார். ஆனா மெட்ராஸ்ல ஒரு பள்ளிக்கூடம் இருக்கு, உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கவும் வாய் திறந்து பேசவும் அங்கே சொல்லிக் கொடுக்கிறாங்க, அஞ்சு வயசுல சேருங்கன்னார். "தள்ளிப் போடாதீங்கம்மா. நாளாக நாளாக நாக்கு வளையாது."

என் வீட்டுக்காரர் அப்போ மெட்ராஸ்ல, மண்ணடியில ஒரு இரும்புக் கடையில கணக்கு எழுதினார். கடை மாடியில தங்கல், பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஊருக்கு வருவார். நானும் வள்ளியும் மெட்ராஸுக்கு வந்துர்றோம்னு சொன்னதும், பாவம், மனுஷன் விரலை மடக்கி வாடகைக் கணக்குப் போட ஆரம்பிச்சுட்டார்.

என் மாமியார்தான் பேசினாங்க. "பொம்பளைப் பிள்ளை. இம்புட்டுப் பெரிய வீடு கிடக்கு. உள்ளுக்குள்ளயே வச்சு வளத்தா யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே அயித்தை"ன்னேன்.



வீடு எங்கே பார்க்கிறது? நகரத்துக்குள்ள நமக்குக் கட்டுப்படியாகாது. வெளியேதான். எங்க சோமு அண்ணன் தாம்பரத்துல இருந்தார். "கண்ணை மூடிக்கிட்டு தாம்பரத்துக்கு வா. நம்ம ஊரு ரயிலு நிக்கும். ஊருல இருந்து யாரு வந்தாலும், இறங்கின கையோட உன் வீட்டுக்கு வந்துரலாம்"னார்.

"அதுதாண்ணே எனக்குப் பயமா இருக்கு"ன்னேன்.

ஆனாலும் அவர் காட்டின வீட்டைப் பார்த்ததும் நான் விழுந்துட்டேன். சின்ன வீடுதான். ஆனா முன்வாசல்ல நின்னா பின்வாசல் தெரிஞ்சுது! கண்டனூர் வீட்டைச் சுருக்கி யாரோ ஒரு டப்பாக்குள்ள வச்ச மாதிரி. அடுப்படியில நின்னு கையசைச்சா வாசல்ல இருக்கிற வள்ளிக்குத் தெரியும். வேற என்ன வேணும்?

பின்கதவைத் திறந்தும் பார்த்தேன். கொஞ்சம் காலியிடம், ஒரு முள்வேலி, அதுக்கு அங்குட்டு ரயில் பாதை. 'பிள்ளைக்கு வேடிக்கையா இருக்கும்'னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்!

ஏன்னா எனக்குத் தெரிஞ்ச ரயில் எங்க ஊர் ரயில். அது வர்றதுக்கு முன்னாலயே வானத்துல புகை தெரியும். வள்ளி புகையைப் பார்த்துட்டு என் முந்தானையை இழுத்துக் காட்டுவா. நாங்க சாவகாசமா நடந்து போனாலும், அது வந்து சேர நேரம் இருக்கும். ரயில்னா அதுதான்னு இருந்தேன். மின்சார ரயிலுக்குப் புகை கிடையாதுங்கிறது என் மண்டையில ஏறவே இல்லை. புதுசா வர்ற எங்க ஊர்க்காரி எவளுக்கு ஏறும்?

குடி வந்த மறுநாள் காலை. வாசல்ல கோலம் போட்டுட்டு நிமிர்றேன்... வள்ளி ஓடுறா. கண்டனூர்ல ஓடுவாளே, அதே ஓட்டம். முன்வாசல்ல புறப்பட்டு, எல்லா நிலையையும் தாண்டி, பின்வாசல் வரைக்கும். அங்கே பின்வாசலுக்கு வெளியே கோழிதான் மேயும். இங்கே கதவு திறந்து கிடக்கு. வேலியில ஆள் நுழையிற அளவுக்கு ஓட்டை.

"வள்ளீ!"ன்னு கத்தினேன்.

கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினேன். தெருவுல போனவங்க நின்னாங்க. பக்கத்து வீட்டு அம்மா கரண்டியோட ஓடி வந்தாங்க. ஊருக்கே கேட்டுச்சு... கேட்க வேண்டியவளுக்குக் கேட்கலை.

வேலி ஓட்டைக்குள்ள நுழைஞ்சு, ஜல்லி மேல ஏறி, சட்டுனு நின்னா. திரும்பினா. அது அவளோட விளையாட்டு. கண்டனூர்ல பின்வாசலைத் தொட்டதும் திரும்பி, முன்வாசல்ல நிக்கிற எனக்குக் கையை ஆட்டிக் காட்டுவா... 'வந்துட்டேன், பாத்தியா?'ன்னு. அதே மாதிரி கையை ஆட்டினா.

நானும் கையைத் தூக்கி ஆட்டினேன். வா! வா, வா, வா!

அவ சிரிச்சுக்கிட்டே திரும்பி ஓடி வர்றா. அவளுக்குப் பின்னால ரயில் போகுது.

அன்னைக்கு நான் அழுத அழுகையை எழுதி உங்களையும் அழ வைக்க விரும்பலை. பின்கதவுக்குப் பூட்டு போட்டோம். ராத்திரி சாப்பாட்டுல கை வைக்காம உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், "மீனா, ஊருக்கே போயிருவோமா?"ன்னார்.

"நீங்க வேணும்னா போங்க. நான் வீடு மாத்தப் போறேன்"னேன்.

அழுதவ வேற, மறுநாள் காலையில எழுந்தவ வேற. அப்படி ஒரு வைராக்கியம் எனக்குள்ள எங்கே இருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை. வள்ளியைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு, சாயங்காலம் வரைக்கும் வீடு வேட்டை. கண்டிஷன் ரெண்டே ரெண்டு. பக்கத்துல ரயில் பாதை கூடாது. வீட்டுக்குள்ள எங்கே நின்னாலும் எனக்கு அவ தெரியணும், அவளுக்கு நான் தெரியணும்.

கேட்க ரொம்ப லேசா இருக்குல்ல? தேடிப் பார்த்தாத்தான் தெரியும்!

மெட்ராஸ்ல வீட்டுச் சொந்தக்காரங்களுக்குச் சுவர்னா அப்படி ஒரு பிரியம். ஒரு வீட்டை மூணு போர்ஷனாப் பிரிச்சு, ஒவ்வொரு போர்ஷனுக்கும் ஒரு இடுக்கு வச்சு, அந்த இடுக்குல திரும்பி, இந்த இடுக்குல நெளிஞ்சுதான் அடுப்படிக்குப் போகணும். பல்லாவரத்துல ஒரு வீடு. கிணத்துத் தண்ணி கற்கண்டு. ஆனா கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவுல முழுச் சுவர். நங்கநல்லூர்ல ஒரு வீடு. கோயில் மணி கேட்கும்னாங்க. வாசல்ல நின்னா மாடிப்படிதான் தெரிஞ்சுது. நான் தலையை ஆட்டிட்டு இறங்கிட்டேன்.

"குறுக்கே ஒரு சுவர் இருந்தா என்ன மீனா? அனுசரிச்சுக்கக் கூடாதா?"ன்னு என் வீட்டுக்காரர் அலுத்துக்கிட்டார்.

"சுவருக்கு அங்குட்டு நம்ம பிள்ளை இருக்காளே"ன்னேன். அவர் அப்புறம் சுவரைப் பத்திப் பேசலை.

வீட்டு புரோக்கர் பெருமாள் பேசினார். "இன்னாம்மா நீ... முன்னால நின்னா பின்னால தெரியணும்ன்றே. வூட்ல குடித்தனம் பண்ணப் போறியா, இல்ல பீரங்கி வெச்சு சுடப் போறியா?"

அவர்கிட்ட காரணம் சொல்லலை. சொன்னா 'ஐயோ பாவம்'னுவார். எனக்கு அந்த ஐயோ பாவம் வேண்டாம், வீடுதான் வேணும். எங்க ஊர்ப் பக்கம் வாசல் நேரா இருக்கிறதுதான் வழக்கம்னு சொல்லி வச்சேன். செட்டிநாட்டு அம்மாவுக்கு வீம்பு ஜாஸ்தின்னு அவர் புரோக்கர்கள் மத்தியில பரப்பிட்டார்.

ஒரு வீடு நல்லாவே அமைஞ்சுது. வீட்டுக்கார அம்மா காபி கொண்டு வந்து வச்சுட்டு, அன்னிக்கு என்கூட வந்திருந்த வள்ளியைக் கொஞ்சினாங்க. அவ சிரிச்சா, பேசலை. "குழந்தை ஏன் பேச மாட்டேங்குது?"ன்னாங்க. சொன்னேன். அந்தம்மா முகம் மாறிப் போச்சு. "காலையில எந்திரிச்சதும் முழிக்கிற முகம்... எங்க வீட்டுலயும் சின்னஞ்சிறுசுக இருக்கு..."ன்னு இழுத்தாங்க. நான் காபியைத் தொடாம எழுந்தேன். வாசல் தாண்டினதும் வள்ளி என் முகத்தைப் பார்த்தா. அவளுக்குத்தான் முகம் படிக்கத் தெரியுமே! நான் சிரிச்சேன். பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் சிரிச்சேன்.

கடைசியில ஒரு நாள் பெருமாள் தலையைச் சொறிஞ்சார். "ஒரு வூடு கீதும்மா. நீ கேக்கிற மாதிரி நேரா இருக்கும். ரயிலு இல்ல. பஸ்ஸு பக்கம். ஆனா வாணாம். தெருக்குத்து."

தெருக்குத்துன்னா என்னன்னு இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்காகச் சொல்லிடறேன். ஒரு தெரு நேரா வந்து, ஒரு வீட்டு வாசல்லயே முட்டி நிக்கும். தெருவே ஈட்டி மாதிரி வீட்டைக் குத்துதுன்னு கணக்கு. அந்த வீட்டுல குடியிருந்தா விளங்காதுன்னு சொல்வாங்க. தோஷம் போகட்டும்னு முன்சுவர்ல ஒரு பிள்ளையாரை வச்சிருப்பாங்க. அப்படியும் யாரும் குடி வரமாட்டாங்க.

"காட்டுங்க"ன்னேன்.

உள்ளே போய், நேரா அடுப்படியில நின்னு திரும்பிப் பார்த்தேன். கூடம் தெரிஞ்சுது. வாசல் தெரிஞ்சுது. வாசலுக்கு அங்குட்டு... தெரு முழுசும் தெரிஞ்சுது! இந்தப் பக்கம் அந்தப் பக்கம் விளையாடுற பிள்ளைங்க, ஒரு வேப்பமரம், தெருக்கோடியில ஒரு மளிகைக் கடை, கடை வாசல்ல படுத்திருந்த மாடு வரைக்கும். கண்டனூர் வீடுகூட பின்வாசலோட நின்னு போச்சு. இது தெருக்கோடி வரைக்கும் போகுது.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இந்த வீட்டை யாரும்மா எனக்காகக் காலியாப் போட்டு வச்சிருந்தீங்க?

விஷயம் கேள்விப்பட்டு சோமு அண்ணன் தாம்பரத்துல இருந்து பறந்து வந்தார். "உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? நம்மாளுக எவனாச்சும் தெருக்குத்து வீட்டுல குடி வப்பானா?"

"வைக்க மாட்டாக அண்ணே. அதனாலதான் எனக்குக் கிடைச்சிருக்கு."

"ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"ரயில் தண்டவாளத்துல நின்னாளே... அது எந்தக் குத்துலண்ணே சேத்தி?"

அண்ணன் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். 'நீங்களாவது சொல்லுங்க மாப்பிள்ளை'ங்கிற பார்வை. அவர் வள்ளியைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போய், மளிகைக் கடை வாசல்ல நிறுத்திட்டு, தனியா நடந்து வந்தார். அடுப்படி வரைக்கும் வந்து, திரும்பி நின்னு, மெதுவா ஒரு கையைத் தூக்கினார். அவ்வளவு தூரத்துல இருந்து வள்ளி சிட்டாப் பறந்து வந்து அவர் காலைக் கட்டிக்கிட்டா.

"வர்ற வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிருவோம் மீனா"ன்னார்.

சோமு அண்ணன் பால் காய்ச்ச வரலை. ஆனா பிள்ளையாருக்கு எண்ணெய் வாங்கி அனுப்பிட்டார்!

கிழக்குப் பார்த்து நின்னு சமைக்கணும்னு அடுப்பு போட்டிருந்தாங்க. அப்படி நின்னா தெரு என் முதுகுக்குப் பின்னால போகுது. அடுப்பைப் பெயர்த்துத் திருப்பிப் போட்டேன். இன்னிக்கும் தெருவைப் பார்த்துக்கிட்டுத்தான் குழம்பு தாளிக்கிறேன். அப்போ வெளியே விளையாடுற பிள்ளை நடுநடுவுல தலையைத் தூக்கி அடுப்படியைப் பார்ப்பா. நான் இருப்பேன். மறுபடி குனிஞ்சு விளையாடுவா.

பள்ளிக்கூடத்துல முதல் வருஷம் ஒரு எழுத்துகூட வாயில வரலை. டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி நானும் வீட்டுல உட்கார்ந்தேன். விளக்கை ஏத்தி முன்னால வச்சு, 'ப' சொன்னா சுடர் ஆடணும், 'ம' சொன்னா ஆடக்கூடாது. அவ கையை என் தொண்டையில வச்சுப் பார்த்துக்குவா, அப்புறம் தன் தொண்டையில வச்சுத் தேடுவா. சுடரை எத்தனை தடவை அணைச்சிருப்போமோ... விட்டேனா? நான் விடலை, அவளும் விடலை.

இந்த இடத்துல நான் கதையை நிறுத்தினேன். சாக்கோட்டைக்காரர், "இது எந்த ஏரியான்னு எல்லாருக்கும் சொல்லலாமா ஆச்சி?"ன்னு கேட்டார். பேரைச் சொன்னா நாளைக்கே வாடகை ஏறிடும், வேண்டாம்னுட்டேன். உங்களுக்கும் சொல்லமாட்டேன். அவர்கிட்ட சொன்னதை வேணும்னா சொல்றேன். "தம்பி, ஊரு நல்ல ஏரியான்னு சொல்ற இடத்துல ஊரு இருக்கட்டும். உங்க வீட்டுல யாருக்கு எது இல்லாம முடியாதோ, அது எங்க இருக்கோ, அங்குட்டுப் போங்க."

அவர் தலையாட்டினார். அதுவரைக்கும் வாயே திறக்காத அந்தப் பெண்தான், வாசல் சுவர்ல இருந்த பிள்ளையாரை எட்டிப் பார்த்துட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டா:

"தப்பா நினைச்சுக்காதீக ஆச்சி... தெருக்குத்து வீடு ஆகாதும்பாக. இந்தப் பத்து வருஷத்துல உங்களுக்கு ஒண்ணும் ஆகலையா?"

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள, தெருக்கோடியில இருந்து ஒரு குரல். ஏத்த இறக்கம் இல்லாத குரல். எவ்வளவு சத்தமாப் பேசுறோம்னு தெரியாத குரல்.

"அம்மா! காப்பிப் பொடி தீந்து போச்சாம்! டீத்தூள் வாங்கவா?"

தெருவுல யாரும் திரும்பலை, அவங்களுக்குப் பழகிப் போச்சு. வந்தவங்கதான் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தாங்க. அங்கே மளிகைக் கடை வாசல்ல, தாவணியை இழுத்துச் சொருகிக்கிட்டு, என் கையைப் பார்த்துக்கிட்டு நின்னா வள்ளி. நான் உட்கார்ந்த இடத்துல இருந்தே கையைத் தூக்கி 'சரி'ன்னு காட்டினேன்.

அப்புறம் அந்தப் பெண் பக்கம் திரும்பினேன்.

"ஆகாம என்ன தாயி? ஆச்சே... கேட்கலையா உனக்கு?"